உப்புக்காற்றில் ஒரு டீசல் மோட்டார் ஹோம்: வைத்துக் காப்பாற்றுவது எப்படி

கேரவன் என்றாலே நம் ஊரில் சினிமாக்காரர்கள் வண்டிதான். உச்சிப்புளியில் டீ குடிக்க நிறுத்தினால் இன்றைக்கும் யாராவது ஒருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து "யாரு ஷூட்டிங் சார்?" என்று கேட்டுவிடுகிறார். ஷூட்டிங்கும் இல்லை, ஒன்றும் இல்லை. உள்ளே என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பாள்.

என்னுடையது மதுரைப் பக்கம் டூரிஸ்ட் வேனாக ஓடிய பழைய டீசல் வண்டி. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் என்று மாற்றிக்கொண்டேன். ஆறு வருடமாக ராமநாதபுரத்தில் வைத்திருக்கிறேன். மண்டபம், தனுஷ்கோடி, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர், அந்தப் பக்கம் தொண்டி என்று சுற்றுவது போக வருடத்துக்கு ஒரு தடவை மலைப்பக்கம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருடத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் தாண்டாது. வம்பே அங்கேதான் ஆரம்பிக்கிறது. சர்வீஸ் புத்தகத்தில் எல்லாமே இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்று போட்டிருக்கும், நம் வண்டியோ ஓடித் தேய்வதில்லை, நின்று துருப்பிடிக்கிறது. அதனால் மீட்டரை மறந்துவிட்டு காலண்டரைப் பாருங்கள். காலண்டரோடு காற்றையும் பாருங்கள். கீழே எழுதியிருக்கும் எல்லாமே இதை வைத்துத்தான்.

வாங்கும்போது ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் உங்கள் பாடு. ஆர்.சி.யில் என்ன வகை என்று போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் என்று தனி வகை இருக்கிறது, மோட்டார் கேரவனுக்கு ஏ.ஐ.எஸ்.-124 என்று தனித் தரநிலையும் இருக்கிறது. மஞ்சள் போர்டு வேனை வாங்கி நீங்களாகவே சீட்டைக் கழற்றிக் கட்டிலைப் போட்டு ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். அதைவிட, விபத்து என்று ஒன்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கையை வைப்பது அங்கேதான். மாற்றிக் கட்டும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் கட்டி முடித்ததும் தண்ணீர் நிரப்பி, ஆட்களை ஏற்றி, எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள், முன்சக்கரம் தனியாக, பின்சக்கரம் தனியாக. 100 லிட்டர் தண்ணீர் என்றால் 100 கிலோ, அதைக் கொண்டுபோய் பின் அச்சுக்கும் பின்னால் மாட்டிவிட்டு ஸ்டியரிங் லேசாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டவன் நான். முன்சக்கரம் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நிற்கும் வண்டி

முதல் வருடம் ஆடி மாதம், மண்டபத்தில் தெரிந்தவர் ஒருவரின் காம்பவுண்டுக்குள் வண்டியை விட்டுவிட்டு இரண்டு மாதம் வெளியூர் போய்விட்டேன். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசு வீசு என்று வீசுகிற காலம். திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தேன், ஒரே செல்ஃபில் பிடித்தது, பெருமையாக இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கி முதல் கியர் போட்டால் வண்டி உறுமுகிறது, நகரவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். நகர்ந்தது, ஆனால் பின்பக்க இடது சக்கரம் சுற்றாமல் மணலில் கோடு கிழித்துக்கொண்டே வந்தது. மெக்கானிக் பாய் எக்ஸெல்லில் வந்து இறங்கினார், சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஹேண்ட் பிரேக்க போட்டுட்டா போனீங்க தம்பி? கடலோரத்துல வண்டிய பூட்டி வைக்கக் கூடாது, கட்டை போட்டு வைக்கணும்." மரக்கட்டையை டிரம் மேல் வைத்து சுற்றிலும் சுத்தியலால் தட்டித் தட்டி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று அசைத்து, கடைசியில் டக்கென்று ஒரு சத்தத்தோடு விட்டது. கழற்றிப் பார்த்தால் லைனர் பாதி பிய்ந்து டிரம்மிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இரும்பு டிரம், ஈரக் காற்று, உப்பு, இரண்டு மாத அழுத்தம், வேறென்ன ஆகும்.

அன்றிலிருந்து நிறுத்தும்போது கியரில் விட்டு, இரண்டு சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஹேண்ட் பிரேக் கிடையாது. சமதளமாக இருந்தால் மட்டும் இப்படி, சரிவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நிறுத்தும் முன் பிரேக்கை நாலு தடவை நன்றாகப் பிடித்துப் பிடித்து ஓட்டி டிரம்மைச் சூடாக்கி ஈரத்தை விரட்டிவிட்டு நிறுத்தினால் இன்னும் நல்லது. வாட்டர் சர்வீஸ் செய்த கையோடு கொண்டுபோய் நிறுத்துவது இதற்கு நேர் எதிர்.

வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுகிறேன் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஐந்து நிமிடத்தில் டீசல் இன்ஜின் சூடே ஆகாது, எரியாத டீசலும் ஈரமும் ஆயிலுக்குள் இறங்கும், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும், செல்ஃப் அடித்ததில் போன கரண்ட்டு பேட்டரிக்குத் திரும்பி வந்திருக்கவும் வந்திருக்காது. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து ஓட்டுங்கள். நான் தேவிபட்டினம் வரை போய், கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவேன், போகவர முப்பது கிலோமீட்டர் சொச்சம், இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், டயர், ஏ.சி. எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் வைத்தியம். ஓட்ட முடியாது என்றால் தொடாமலே விட்டுவிடுவது மேல்.

பி.எஸ்.-6 என்ற புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டி என்றால் இதில் இன்னொரு சங்கதி சேரும். சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற புகை வடிகட்டி இருக்கிறது, அது பிடித்து வைத்த கரியை அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல சூடு வேண்டும். ராமேஸ்வரம் தெருக்களிலேயே ஊர்ந்துகொண்டிருந்தாலோ, ஏ.சி.க்காக நின்ற இடத்தில் மணிக்கணக்கில் இன்ஜினை ஓடவிட்டாலோ அது அடைத்துக்கொள்ளும், அப்புறம் டாஷ்போர்டில் விளக்கு எரியும். விளக்கு எரிந்ததும் பயந்துபோய் அணைக்காமல், பரமக்குடி தாண்டி மதுரை நாலுவழிச் சாலையில் விட்டு அரை மணி நேரம் ஒரே சீராக ஓட்டினால் பெரும்பாலும் தானாகவே அணைந்துவிடும். யூரியாத் தொட்டி இருக்கிற வண்டி என்றால் டி.இ.எஃப். வாங்கிக் குவித்து வைக்காதீர்கள். 32.5 சதவீத யூரியாக் கரைசல் அது, 25 டிகிரிக்குள் வைத்தால் ஒன்றரை வருடம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான். நம் ஊரில் தகரக் கொட்டகைக்குள் எத்தனை டிகிரி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

டீசலுக்குள் தண்ணீர்

கடலோரத்தில் டீசல் வண்டி வைத்திருப்பவன் ஒரே ஒரு வேலையைத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளட்டும். பாதி காலியாக இருக்கும் டேங்கில் மீதி இடம் காற்று. பகலில் சூடு, ராத்திரியில் குளிர்ச்சி, நம் காற்றிலோ எப்போதும் ஈரம், அது டேங்கின் உள்சுவரில் வியர்த்து வழிந்து அடியில் போய்த் தங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் அங்கேயே கிடக்கும். தண்ணீரும் டீசலும் சேரும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாகக் கொழகொழவென்று ஒரு பாசி மாதிரி பிடிக்கும், பம்பு அதை இழுக்கும், ஃபில்டர் அடைக்கும், வண்டி ஏற்றத்தில் மூச்சு வாங்கும். ஆகவே நிறுத்துவதற்கு முன் டேங்க்கை முழுதாக நிரப்பிவிடுங்கள், காற்றுக்கு இடம் இருக்கக் கூடாது.

ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஃபில்டரின் அடியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்தி அரை டம்ளர் டீசலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். இன்ஜின் ஓடக் கூடாது. பத்து நிமிடம் அசைக்காமல் வைத்துவிட்டு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் எல்லாம் தெரியும்: மேலே மஞ்சளாக டீசல், அடியில் தண்ணீர் இருந்தால் கண்ணாடி மாதிரி தனியாக ஒரு படலம், பாசி இருந்தால் இரண்டுக்கும் நடுவில் கறுப்பாக மிதக்கும். தண்ணீர் மட்டும் என்றால் சுத்தமாக வரும்வரை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். கறுப்பு தெரிந்தால் ஃபில்டர் மாற்றி என்ன பிரயோஜனம், டேங்க்கையே இறக்கிக் கழுவ வேண்டும். எனக்கு ஒரு தடவை ஆயிற்று, அரைக் கைப்பிடி வந்தது, மீன் செவுள் மாதிரி இருந்தது.

படகு டீசல் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கேனில் கொண்டுவந்து கொடுப்பார்கள். மீனவர்களுக்கு வரிவிலக்கில் அரசு கொடுப்பது அது, சாலை வண்டியில் ஊற்றினால் குற்றம். குற்றம் ஒரு பக்கம், பேரல், கேன், படகு என்று மூன்று இடம் மாறி வந்ததில் எத்தனை கடல்தண்ணீர் சேர்ந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

ஃபில்டர் மாற்றிய பிறகு உள்ளே ஏர் நிற்கும். கைப்பம்பை அது இறுகி அழுத்த முடியாமல் போகும்வரை அழுத்தி, அப்புறம் செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விட்டு அடியுங்கள். பழைய வண்டிகளில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்தி ஏர் எடுப்பார்கள், பட்டறையில் பெரியவர்கள் இன்னும் அதே பழக்கத்தில் ஸ்பேனரை எடுப்பார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் இன்ஜினில் அதை விடவே விடாதீர்கள். அந்தக் குழாயில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம், பீய்ச்சினால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே எடுக்க வேண்டி வரலாம்.

இன்ஜின் ஆயில் வருடத்துக்கு ஒரு தடவை, நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும். கூலண்ட்டுக்குப் போர் தண்ணீர் கலக்கவே கூடாது. நம் மாவட்டத்துப் போர் தண்ணீரில் பாத்திரமே உப்புப் பூக்கிறது, ரேடியேட்டர் மட்டும் தப்புமா. கலந்து ரெடியாக வரும் கூலண்ட்டையே வாங்கி ஊற்றுங்கள். ஏர் ஃபில்டர் தனுஷ்கோடி போய்வந்ததும் ஒரு தடவை பாருங்கள், தட்டினால் மணல் உதிரும், காற்று அடித்தால் உள்ளிருந்து வெளியே, மெதுவாக. புகையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், கறுப்பு என்றால் காற்று போதவில்லை, நீலம் என்றால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளை விடாமல் வந்தால் உடனே மெக்கானிக்கிடம்.

துரு

புதிய பாம்பன் ரயில் பாலத்தைக் கட்டும்போது, 2025 ஏப்ரலில் திறந்தார்களே அது, கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டு, இரும்புக்கு மேல் பாலிசிலாக்ஸேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். அந்தக் கால்வாயின் காற்றுக்கு ரயில்வேயே அப்படிப் பயப்படுகிறது, நம் வண்டியின் அடிப்பக்கம் எம்மாத்திரம்.

கழுவுவதுதான் முதல் மருந்து. ஆனால் நம் ஊரில் நல்ல தண்ணீர் குடத்துக்கு விலை போகும் சமாசாரம், வண்டியைக் கழுவ எங்கே போவது? நான் கண்டுபிடித்தது, மேலே கழுவுவதைக் குறைத்துக்கொள்ளலாம், அடியைத்தான் விடக் கூடாது. மேலே பெயிண்ட் இருக்கிறது, ஈரத்துணி போதும். கடலோரம் போய்வந்த மறுநாள் நாற்பது லிட்டர் நல்ல தண்ணீர், சின்ன பிரஷர் பம்பு, படுத்துக்கொண்டு சேஸிஸின் உள்பக்கம், ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே, டீசல் டேங்க்கைத் தாங்கும் பட்டி, பிரேக் குழாய் ஓடும் இடம், சைலன்சர் தொங்கும் கொக்கி, ஏறும் படி, இவ்வளவுதான். சேஸிஸிலும் கதவுகளின் அடியிலும் தண்ணீர் வடிவதற்குச் சின்ன ஓட்டைகள் இருக்கும், அவை மணலில் அடைத்திருக்கும். ஒரு கம்பியை விட்டுக் குத்திவிடுங்கள். என் பின்கதவின் அடித்தகடு போனது வெளியிலிருந்து இல்லை, உள்ளே தேங்கிய தண்ணீரில். வாட்டர் சர்வீஸ் கடையில் கொடுப்பதென்றால் அவர்கள் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கரித்தால் திரும்பி வந்துவிடுங்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரா?

பழைய ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கம் லாரிக்காரர்களிடம் இருக்கிறது. ஆயில் அடித்தால் துரு நிற்கும், மறுக்கவில்லை, ஆனால் அது ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், நிறுத்திய இடமெல்லாம் சொட்டும், மணல் ஒட்டிக்கொண்டு அப்பம் மாதிரி ஆகும். அதற்குப் பதில் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்துவிட்டு, துருமாற்றி பூசிக் காயவிட்டு, ஜிங்க் பிரைமர், அதற்கு மேல் பெயிண்ட், சேஸிஸின் உள்ளே குழாய் விட்டு மெழுகு ஸ்பிரே. ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே தார் மாதிரி கறுப்புக் கோட்டிங் அடித்து மூடிவிட்டால் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே துரு தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். ஒரு பட்டறையில் எனக்கு அப்படித்தான் அடித்துக் கொடுத்தார்கள், இரண்டு வருடம் கழித்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் அப்பளமாக உடைந்தது.

இன்னொன்று யாரும் சொல்ல மாட்டார்கள். அலுமினியத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டால் ஸ்க்ரூ கெடாது, சுற்றியிருக்கும் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டு உலோகம், நடுவில் உப்பு ஈரம் என்றால் அதுவே ஒரு பேட்டரிதான். நைலான் வாஷர் போட்டு, மரையில் கிரீஸ் தடவிப் போடுங்கள். வெயில்மறைப்பு மாட்டிய கம்பி கூரையிலிருந்து கையோடு கழன்று வந்த பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

எங்கே நிறுத்துவது, எப்படி ஓட்டுவது

ராமேஸ்வரத்தில் வடக்கே பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். கச்சான் வீசும் மாதங்களில் ஆண் கடல் குமுறும், பெண் கடல் குளம் மாதிரி கிடக்கும். வாடை வந்ததும் அப்படியே தலைகீழ். வத்தை என்ற சின்னப் படகில் மீன் பிடிப்பவர்களுக்கு இது தொழில், நமக்கு நிறுத்துமிடம். ஆடியில் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் போங்கள், மார்கழியில் ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம். அலைச்சாரல் அந்த அளவுக்குக் குறையும். எங்கே நின்றாலும் வண்டியின் முகத்தைக் காற்றுக்குக் காட்டாதீர்கள், ரேடியேட்டரும் ஏ.சி. காயிலும் உப்பை வாங்கும். தென்னை மரத்தடியும் வேண்டாம். பனை மரத்தடியும் வேண்டாம், ஒரு பனங்காய் போதும் சோலார் பேனலுக்கு.

பாம்பன் சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல், உயரமான வண்டியைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். பழைய ரயில் பாலம் ஓடிய காலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே விடமாட்டார்களாம். அப்படி ஊளையிடும் நாளில் மண்டபத்திலேயே ஒரு டீ குடித்துவிட்டு உட்கார்ந்திருங்கள், சாமி எங்கேயும் போய்விடாது. போயே ஆக வேண்டும் என்றால் நாற்பதுக்கு மேல் போகாமல், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் வைத்து ஓட்டுங்கள். எதிரே பஸ் கடக்கும் நொடியில் காற்று சட்டென்று நின்று மறுபடி அறையும், அதை எதிர்பார்த்திருங்கள்.

தனுஷ்கோடிக்கு அரிச்சல்முனை வரை 2017இலிருந்து தார்ச்சாலை இருக்கிறது, காற்றுக் காலத்தில் அதன் மேலேயே மணல் ஏறிக் கிடக்கும். ராத்திரி தங்கவிட மாட்டார்கள், சாயங்காலமே கிளம்பச் சொல்லிவிடுவார்கள். அதற்குள் சாலையோரம் இறங்கி ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்று சக்கரத்தை மணலில் விடுபவர்கள்தான் மாட்டுகிறார்கள். மாட்டினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், மிதிக்க மிதிக்க அச்சு வரை இறங்கும். டயர் காற்றைப் பாதியாகக் குறையுங்கள், சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டிச் சரிவாக்கி, சாக்கு அல்லது பனைமட்டை போட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக ஏற்றுங்கள். தார்ச்சாலைக்கு வந்ததும் காற்று அடித்தே ஆக வேண்டும், ஆகவே சின்னக் கம்ப்ரஸர் வண்டியில் இருக்கட்டும். டயரைப் பொறுத்தவரை நம் வண்டிக்கு பட்டன், அதாவது ரோட்டில் படும் வரிக்கட்டை, தேயவே தேயாது, வயதில்தான் சாகும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறேழு வருடம் ஆகி, பக்கத்தில் வெடிப்பு விட்டிருந்தால் பட்டன் புதுசு மாதிரி இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கரண்ட்டு

வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரி வேறு, வீட்டு பேட்டரி வேறு. இரண்டையும் நேராகச் சேர்த்துக் கட்டினால் ராத்திரி ஃபேன் ஓடியதில் காலையில் செல்ஃப் அடிக்காது. நடுவில் டி.சி.-டி.சி. சார்ஜர் ஒன்று போடுங்கள், வண்டி ஓடும்போது வீட்டு பேட்டரிக்கு அளவாகக் கரண்ட்டு ஏற்றுவது அது. லித்தியம் பேட்டரி என்றால் அது கட்டாயம், இல்லாவிட்டால் காலி பேட்டரி கேட்கும் கரண்ட்டைக் கொடுத்துக் கொடுத்து டைனமோ சூடாகிக் கருகும். ஈய பேட்டரி ஓய்வில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, அதற்குக் கீழே அடிக்கடி விட்டால் சீக்கிரம் போய்விடும். லித்தியத்தை மாதக்கணக்கில் சும்மா வைப்பதென்றால் முழுதாக ஏற்றி வைக்காமல் பாதியில் நிறுத்தி, ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இங்கே கரண்ட்டுக் கோளாறு என்று வருவதில் பெரும்பாலும் பேட்டரி குற்றவாளி இல்லை, எர்த்துதான். செல்ஃப் "டக்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும், நாம் ஓடிப்போய் புது பேட்டரி வாங்குவோம், வாங்கியிருக்கிறேன். இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பின்னல் ஒயர் ஒன்று இருக்கும், அதைக் கழற்றிப் பாருங்கள், பச்சைப் பொடி பூத்திருக்கும். சோதிப்பது எளிது. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவிலும், சிவப்பு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துக்கொண்டு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் கோளாறு. இரண்டு முனையையும் உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் பூசினால் முடிந்தது. புதிதாக ஒயர் இழுப்பதென்றால் படகுக்குப் போடும் வெள்ளீயம் பூசிய செம்பு ஒயராகப் பார்த்து வாங்குங்கள். பேட்டரிக்கு ஒட்டினாற்போல் ஃபியூஸ், அதில் சமாதானமே கிடையாது.

சோலார் பேனலில் உப்பும் தூசியும் சேர்ந்து மோர் தெளித்த மாதிரி படியும். விடியற்காலை பனி ஈரத்திலேயே துணியால் துடைத்துவிடுங்கள், தண்ணீர்ச் செலவு இல்லை.

வீட்டுப் பக்கம்

கூரை ஒட்டுகளைப் புரட்டாசியில் பாருங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஏணியைத் தேடக் கூடாது. ஜன்னல் ரப்பர், சோலார் மாட்டிய இடம், ஃபேன் வைத்த ஓட்டை, எல்லாவற்றையும் விரலால் அழுத்தினால் ஒட்டு விட்டிருப்பது தெரியும். சிலிக்கோன் போடாதீர்கள், குலுக்கலில் உரியும், அதன் மேல் வேறெதுவும் ஒட்டவும் ஒட்டாது. பாலியூரிதேன் சீலண்ட் போடுங்கள்.

கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஆகவே அலாரத்தைக் கூரையில் மாட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை, கணுக்கால் உயரத்தில் வையுங்கள். சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும். வீட்டில் ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவோம், வண்டியில் அது நாளெல்லாம் குலுங்குகிறது, நான் இரண்டு வருடத்தில் மாற்றிவிடுகிறேன். ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும், என் மனைவி அதை மூடிவிட்டு "மூடியாச்சு" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் நான் சாவி போடுவேன்.

தண்ணீர்த் தொட்டியை வருடத்துக்கு இரண்டு தடவை கிருமி நீக்குங்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 சதவீத ஹைப்போகுளோரைட் 100 மில்லி, குழாய்களில் எல்லாம் வாசம் வரும்வரை திறந்து மூடி, நாலு மணி நேரம் விட்டு, வடித்து, இரண்டு தடவை அலசிவிடுங்கள். கழிவறைத் தொட்டியை வீட்டு செப்டிக் டேங்கில்தான் கொட்ட வேண்டும். உப்பளத்து ஓடையிலும் கடற்கரைப் பொந்திலும் கொட்டிவிட்டுப் போகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்திலேயே 21 தீவோடு கடல் தேசியப் பூங்கா, அதே கரையில் பெண்கள் பாசி எடுக்க இறங்குகிறார்கள், என்னத்தைச் சொல்வது.

பெரிய சர்வீஸை எப்போது வைத்துக்கொள்வது? நான் மீன்பிடித் தடைக்காலத்தைப் பார்த்துச் செய்தேன், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுக்காரர்கள் படகைக் கரையேற்றிச் செப்பனிடும் நேரம், நாமும் அப்படியே செய்வோம் என்று. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மண்டபத்தில் வெல்டரும் பெயிண்டரும் டீசல் மெக்கானிக்கும் அந்த இரண்டு மாதமும் படகடியில்தான் இருப்பார்கள், நம் வண்டியைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. இப்போது பங்குனி பிறந்ததும் பாயிடம் சொல்லி நாள் குறித்துவிடுகிறேன், கச்சான் தொடங்கும் முன் அடிப்பக்கப் பூச்சு முடிந்துவிட வேண்டும்.

வண்டியில் ஒரு பழைய சிமெண்ட் சாக்குப் பை நிரந்தரமாகக் கிடக்கும். ஃபேன் பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் ஹோஸ் இரண்டு, கிளாம்பு கொஞ்சம், ஃபியூஸ் டப்பா, மல்டிமீட்டர், எர்த் ஒயர் ஒரு முழம், உப்புத்தாள், கிரீஸ், கண்ணாடிப் பாட்டில், சக்கரக் கட்டை நாலு, எலி ஒயரைக் கடித்தால் ஒட்டுப்போட டேப். அப்புறம் டீசல் ஃபில்டர், ஒன்றல்ல, இரண்டு. டேங்கில் பாசி பிடித்திருந்தால் முதல் ஃபில்டர் இருபது கிலோமீட்டரில் அடைத்துவிடும், இரண்டாவதுதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.